சாமுவுக்கு இந்த ஊர் சரிப்படுமா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். போர்ட் பிளேரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய ஊர்களைப் பார்த்தவர்கள். நான் பார்த்தது தாம்பரமும் அதை ஒட்டிய நாலைந்து ஊர்களும்தான். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எழுதாமல் இருந்தால் மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தீவில் இருப்பவர்கள் சென்னைக்குப் போவதை 'மெயின்லேண்ட் போகிறோம்' என்போம். ஒரே நாடுதான். ஆனாலும் நடுவில் கடல் இருக்கிறது. நானும் என் தம்பி சாமுவும் இந்தக் கடலைத் தாண்டியது அபூர்வம்.

சாமுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மனம் மட்டும் சிறு வயதிலேயே நின்றுவிட்டது. குளிப்பான், சாப்பிடுவான், சொன்ன வேலையைச் செய்வான். கணக்கு வராது, எழுத்து வராது. அப்பா அம்மா போன பிறகு நானும் அவனும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை.

போர்ட் பிளேரில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. தினமும் சாத்தாம் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போய், அக்கரை பாம்பூ பிளாட்டுக்குப் போகும் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வான். படகு போய்த் திரும்பும்வரை எல்லோருக்கும் கையசைப்பான். முன்பு ஒருமுறை அக்கரையில் இறங்கிக் காணாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனுக்கு ஒரு விஷயத்தைப் பழக்கினேன். "என்ன ஆனாலும் படகை விட்டு இறங்காதே. படகு திரும்பி வரும். நீ ஏறின இடத்திலேயே நான் நிற்பேன்." மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி அது அவன் மண்டையில் ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை.

படகில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். போன மழைக்காலத்தில் புதிதாக வந்த ஒருவர் அவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதே மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சாமு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் அவனுக்குச் சோறு போட்டார்கள். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வியை அதுவரை நான் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். அந்த வராந்தாவைப் பார்த்த பிறகு தள்ள முடியவில்லை.

சிட்லபாக்கத்தில் என் அக்கா ரூபி இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தானும் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் இருப்பது மாடியில். கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் வந்துடுங்க, கீழ் போர்ஷன் உங்களுக்குத்தான்" என்று அக்கா ஃபோனில் சொன்னாள். வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன் என்றேன். அதற்குத்தான் இந்தப் பயணம்.

விமான நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் கேட்டுக்குப் புதிதாக வாங்கிய பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நல்ல பித்தளைப் பூட்டு. பகலிலும் பூட்டியே இருக்கும். யாராவது வந்தால் அத்தான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சாவியோடு இறங்கி வருவார். "இந்தத் தெருவுல பூட்டாத வீடே கிடையாது. பயந்துக்கிட்டு இல்ல, பழக்கம்" என்றார். சாமு கேட்டுக்குப் பின்னால் நின்று தெருவில் போகிறவர்களுக்குக் கையசைத்தான். ஒரு கூரியர்காரர் மட்டும் பதிலுக்கு அசைத்தார்.

மறுநாள் நானும் சாமுவும் நாலரை மணிக்கே எழுந்துவிட்டோம். எங்கள் ஊரில் அப்போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். இங்கே கும்மிருட்டு. விளக்கைப் போட்டால் அக்கா விழித்துக்கொள்வாள் என்று இருவரும் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கேன் தண்ணீரில் காபி போட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கேனைக் கவிழ்த்துத் தண்ணீர் பிடிப்பதே ஒரு வித்தை.

விடிந்ததும் அத்தான் எங்களை ஏரிக்கரைக்கு நடக்க அழைத்துப் போனார். ஏரி அழகாக இருந்தது. நடைபாதையில் எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். சாமு எதிர்த் திசையில் நடந்தான், அப்போதுதான் எல்லோருடைய முகமும் தெரியும் என்பதால். ஒவ்வொருவருக்கும் கையசைத்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, "சார், இந்தப் பக்கம் நடக்கணும்" என்று மரியாதையாகத் திருத்தினார். சாமு அவருக்கும் கையசைத்தான்.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்தாள். மீன் எப்படி என்று அத்தான் மூன்று முறை கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் அந்த மீன் கடலைப் பார்த்து நாலு நாள் ஆகியிருக்கும். சாமு ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பழைய மீன்" என்றான். அத்தான், "தீவுக்காரன்கிட்ட மீனப் பத்திக் கேட்டது என் தப்பு" என்று சிரித்தார். அத்தான் நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் கோவிலம்பாக்கத்துக்குப் போனோம். அக்காவின் மகள் ஷீபா அங்கே ஃப்ளாட்டில் இருக்கிறாள். ஒரே மகள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, யோசிக்க நேரம் கிடைத்தது. அக்கா என்னைவிட மூத்தவள். அத்தானுக்கு எழுபது நெருங்குகிறது. கீழ் வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்குப் பிறகு சாமுவை அக்கா பார்த்துக்கொள்வாள் என்பது கணக்குப்படி நிற்காத பேச்சு. கடைசியில் பார்க்க வேண்டியவள் ஷீபாதான். அவளிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷீபா பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்ட பிறகு அக்கா படுத்துவிட்டாள். சாமு பால்கனிக் கம்பிக்குள் முகத்தை வைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினேன். ஷீபா புரிந்துகொண்டாள்.

"சித்தி, மாமாவ நான் பார்த்துக்கிறேன்னு இப்பவே ஈஸியா சொல்லிடலாம். நீங்களும் நிம்மதியா போயிடுவீங்க. ஆனா எனக்கு மாமாவத் தெரியவே தெரியாது. அவருக்கு என்ன பிடிக்கும், எதுக்குப் பயப்படுவாரு, ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல ரெண்டு தடவ பார்த்தது. பக்கத்துல இருந்தாத்தான தெரியும்."

எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் என்னிடம் யாரும் சொன்னதிலேயே நேர்மையான பேச்சு அதுதான்.

நாலாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. சாமு கேட் அருகே குடையோடு நின்றான்.

ஐந்தாம் நாள் அக்கா எங்களைப் பல்லாவரத்தில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனாள். சாமுவைப் போன்ற பெரியவர்கள் பகலில் வந்து மெழுகுவத்தி செய்யும், காகிதக் கவர் ஒட்டும் இடம். அங்கேயும் கேட் பூட்டியிருந்தது. அங்கிருந்த டீச்சரம்மா அன்பாகப் பேசினார். "காலையில கொண்டுவந்து விடணும், சாயந்திரம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போகணும். தனியா அனுப்ப மாட்டோம். அது எங்க ரூல்" என்றார். சாமு ஒரு மேஜையில் உட்கார்ந்து மூன்று கவர் ஒட்டினான். நாலாவதை ஒட்டும்போது கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திரும்பும்போது எலெக்ட்ரிக் ட்ரெயின். தீவில் ரயிலே கிடையாது. எனக்கு அதில் ஏறுவதற்கே கால் கூசும். பெண்கள் பெட்டி எங்கள் எதிரில் வந்து நின்றதால் அக்கா என்னை இழுத்துக்கொண்டு அதில் ஏறினாள். சாமுவும் பின்னால் ஏறினான். உள்ளே இருந்த ஓர் அம்மாள், "சார், இது லேடீஸ். அடுத்ததுல ஏறுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சாமு உடனே இறங்கிவிட்டான். யார் சொன்னாலும் கேட்பான், அதுதான் அவனிடம் உள்ள சிக்கல். அடுத்த பெட்டியில் ஏறியதை நான் பார்த்தேன். வண்டி புறப்பட்டது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான சானடோரியத்தில் நாங்கள் இறங்கினோம். அவன் இறங்கவில்லை. அந்தப் பெட்டியின் வாசலில் ஒரே கூட்டம். "சாமு" என்று கூப்பிட்டேன். எனக்குக் கேட்ட அளவுக்குக்கூட அது வெளியே கேட்டிருக்காது. வண்டி போய்விட்டது.

"அடுத்தது தாம்பரம். அதோட வண்டி நின்னுடும். வா, பிடிச்சிடலாம்" என்று அக்கா ஆட்டோ பிடித்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் எத்தனை நடைமேடை, எத்தனை படிக்கட்டு. ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தபோது அந்த வண்டி மறுபடி லைனின் மறுகோடியான பீச் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. பெஞ்சுகளில் தேடினோம். சாமு இல்லை.

ரயில்வே போலீஸிடம் போனோம். என்ன வயது என்று கேட்டார்கள். அக்கா சொன்னாள். "பெரிய ஆளுதானம்மா, வந்துடுவாரு" என்றார் அங்கிருந்தவர். சாமு எப்படிப்பட்டவன் என்று நான்தான் சொல்ல வேண்டும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அக்காதான் டீச்சர் குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒலிபெருக்கியில் "சாமுவேல் என்பவர் எங்கிருந்தாலும்" என்று அறிவித்தார்கள். சாமுவேல் என்று கூப்பிட்டால் அவன் திரும்பவே மாட்டான். அந்தப் பெயர் ஞானஸ்நானத்தன்று வைத்ததோடு சரி.

அந்த அறிவிப்பை இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவன் தொலையவில்லை. நான் பழக்கியதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். படகை விட்டு இறங்கவில்லை. தாம்பரத்திலிருந்து வண்டி திரும்பியபோது சானடோரியத்தில் நின்றிருக்கும். அவன் எட்டிப் பார்த்திருப்பான். நான்தான் அங்கே இல்லை. ஏறின இடமோ இறங்கின இடமோ, அவன் என்னைக் கடைசியாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பது என் பங்கு. நான் ஜெட்டியை விட்டு ஆட்டோவில் ஓடி வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "அது படகு, இது ட்ரெயின்டி. பீச்சுல போய் எங்கியாவது எறங்கிட்டா?" என்றாள். அவள் போலீஸ் அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் ரயிலில் சானடோரியத்துக்கு வந்தேன். தனியாக ரயில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயப்பட நேரமில்லை.

நடைமேடையில் எல்லாப் பெட்டிக்கும் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் நின்றுகொண்டேன். பீச்சிலிருந்து வண்டி வந்தது. அவன் இல்லை. இன்னொன்று வந்தது. இல்லை. பக்கத்து பெஞ்சில் இரண்டு காலேஜ் பெண்கள் ஒரே வாழைப்பழத்தைப் பாதியாக்கிச் சாப்பிட்டார்கள். ஓர் அம்மாள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். எங்கள் ஊரில் இந்நேரம் இருட்டி விளக்குப் போட்டிருப்பார்கள். இங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த ஒரு விஷயத்துக்காக அன்று இந்த ஊருக்கு நன்றி சொன்னேன். ஜெபம் செய்யவில்லை. கண்ணை மூடினால் வண்டி போய்விடும் என்று பயம்.

எத்தனையாவது வண்டி என்று நினைவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமு நின்றான். பக்கத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் கையசைத்தான், படகிலிருந்து அசைப்பது போலவே. இருவரும் இறங்கினார்கள்.

"ஒரு தடவ வந்தேன். நீ இல்ல" என்றான் சாமு. கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னான்.

"இன்னாக்கா, உங்க தம்பியா இவுரு?" என்றாள் அந்தப் பெண். ரயிலில் கடலையும் பட்டாணியும் விற்பவள். "பீச்சு வந்துடுச்சு, எறங்குபான்றேன். மாட்டேன்னு குந்திகினுகீறாரு. எங்க எறங்கணும்னு கேட்டா அக்கான்றாரு. அக்கான்னு ஸ்டேசன் எங்ககீது இந்த லைன்ல?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவள் நிறுத்தவில்லை. சாமுவின் சட்டைப்பையில் நாங்கள் எப்போதோ போட்டுவைத்த அட்டை ஒன்று இருக்கும். அதை வண்டியில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். அதில் இருந்தது போர்ட் பிளேர் முகவரியும், நாங்கள் எப்போதோ கைவிட்ட வீட்டு டெலிஃபோன் எண்ணும். "அந்தமான்னு போட்டுகீதுன்னா அந்தப் பொண்ணு. அடப்பாவி, பக்கத்துல ஹார்பர்தான், கப்பல்ல ஏத்திவுடறதான்னு ரோசன பண்ணினுகீறேன். அப்பால பார்த்தா, ஒவ்வொரு ஸ்டேசன்லயும் எட்டி எட்டிப் பாக்குறாரு. சரி, யாரோ நிக்கப்போறாங்க, பாக்கட்டும்னு கூடவே வந்தேன்."

வியாபாரம் கெட்டுப்போயிருக்குமே என்றேன். "வண்டிக்கா பஞ்சம்? இது போனா அடுத்தது" என்றாள். அவளுடைய கடலைப் பொட்டலம் ஒன்றை சாமு முழுதாகத் தின்றிருந்தான். நான் பர்ஸைத் திறந்தபோது, "அத்த வுடு" என்று கையைத் தட்டிவிட்டாள். பேர் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வண்டி வந்து அவள் ஏறிப் போன பிறகுதான் தோன்றியது. சாமு அந்த வண்டிக்குக் கையசைத்தான். அவள் கூடையைப் பிடித்த கையோடு திரும்பி அசைத்தாள்.

வீட்டில் அக்கா அழுதாள். பிறகு கோபப்பட்டாள். இனிமேல் இவனைத் தனியாக விடவே கூடாது, கேட் சாவி அத்தானிடம் மட்டும்தான் இருக்கும், கீழ் வீட்டுக்கு உள்பக்கமும் ஒரு பூட்டுப் போட்டுவிடலாம் என்றாள். அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாமு தட்டில் இருந்த தோசையை மட்டும் பார்த்தான்.

நான் பொதுவாக அக்காவை எதிர்த்துப் பேசியதில்லை.

"நாங்க வர்றோம்க்கா" என்றேன். "ஈஸ்டர் முடிஞ்சதும் வந்துடறோம். ஆனா பகல்ல கேட்டப் பூட்டக் கூடாது."

"இன்னிக்கு நடந்ததப் பார்த்த பிறகுமா சொல்ற?"

"அதப் பார்த்த பிறகுதான் சொல்றேன். அவன் ஒண்ணும் தப்புப் பண்ணல. நான்தான் எடத்த விட்டு வந்துட்டேன்."

"மறுபடி தொலஞ்சா யாரு பதில் சொல்றது?"

"நான் ஸ்டேஷன்ல நிப்பேன்."

"உனக்கு அப்புறம்?"

அந்தக் கேள்வியைத்தான் நான் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தேன். அக்காவே அதைக் கேட்டது ஒரு விதத்தில் எனக்கு லேசாக இருந்தது.

"அதுக்குள்ள இங்க நாலு பேருக்கு அவனத் தெரிஞ்சிருக்கும். பூட்டி வெச்சா யாருக்குத் தெரியும்? ஷீபாவும் அதைத்தான் சொன்னா. போர்ட் பிளேர்லயும் ஒரே நாள்ல அவனத் தெரிஞ்சுக்கல. வெளிய விட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு ஒடம்புல தெம்பு இருக்கும்போதே ஆரம்பிக்கணும்க்கா."

இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அக்கா எழுந்து போய் சாமுவின் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். அத்தான் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் சிட்லபாக்கம் முகவரியையும் தன் செல் நம்பரையும் கட்டை எழுத்தில் எழுதினார். கொஞ்சம் யோசித்து, ஷீபாவுக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டு, அவள் நம்பரையும் அதன் கீழே எழுதினார்.

மறுநாள் காலை கேட் பூட்டாமல் இருந்தது. சாமு சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போனான். அவனுக்குத் தெரியாமல் அத்தான் கொஞ்சம் பின்னால் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் வந்துவிட்டார்கள். அன்று மீன் வாங்கவில்லை, ரசமும் கத்தரிக்காயும்.